ஏழைக்கும் வரிக் கணக்கு உண்டோ?

சென்ற திங்கள் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கத்து நூலகத்தில் அமர்ந்திருந்தபோது அம்மையார் ஒருவர் பை நிறையத் தாள்களுடன் வந்து சேர்ந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான குடும்பம். கணவர் ஹெப்பால் தொழிற்பேட்டையில் காவலாளி. மாதச் சம்பளம் ரூ. 16,000. அம்மையார் வீட்டில் உளுந்தப்பளம் இட்டு உலர்த்தி, தேவராஜா மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். மழைக்காலத்தில் அந்த வருவாயும் இல்லை.

"ஐயா, நானோ என் வீட்டுக்காரரோ ஒருநாளும் வரி கட்டியதில்லை. எங்களை வரிக்காரர் என்று எழுதி, கிருகலட்சுமிப் பணத்தை நிறுத்திவிட்டார்களே! மாநில அரசாங்கத்துக்கு நாங்கள் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்தானா? வேண்டாதவர்கள் என்றால் இது எப்படி வந்தது?" என்று கேட்டார்.

கேள்வி ஒன்றுபோல் தோன்றினும், உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. வரி செலுத்துவது ஒன்று. வரித்துறையில் பெயரைப் பதிந்துகொள்வது மற்றொன்று. எல்லாரும் 'ரிட்டர்ன்' என்று சொல்லும் கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்வது இன்னும் ஒன்று. இம்மூன்றையும் ஒன்றென மயங்குவதால் நம்மவர் பலர் தேவையில்லாத இடத்தில் அஞ்சுகிறார்கள்; அஞ்ச வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள். அந்த அம்மையாரின் தாள்களை இரண்டு மணி நேரம் புரட்டிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்.

முதலில் மாநிலம் என்ற சொல்லைப் பார்ப்போம். நம் நாட்டில் சம்பளம், வியாபாரம், வட்டி ஆகியவற்றால் வரும் வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமை மத்திய அரசுக்கே உண்டு. வேளாண்மை வருமானத்தின்மீது வரி விதிப்பது மட்டும் மாநிலங்களின் உரிமை. எனவே கர்நாடக அரசாங்கத்துக்கென்று ஒரு வருமானவரிக் கணக்கு கிடையாது. ஆனால் இதே மைசூரில் ஒருகாலத்தில் அது இருந்தது என்பது இளைஞர்க்கு வியப்பாக இருக்கலாம். மன்னராட்சிக் காலத்து மைசூர் சமஸ்தானம் 1923ஆம் ஆண்டில் தனக்கென ஒரு வருமானவரிச் சட்டம் இயற்றிக்கொண்டது. சமஸ்தானத்தின் நிதி, 1950 ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசின் நிதியோடு இணைந்தபோது அவ்வரியும் மத்திய அரசின் கைக்குச் சென்றது. முன்னாளில் அரண்மனைச் சர்க்காருக்கு வரிக்கணக்கு எழுதியதாகத் தம் பாட்டனார் சொன்னதைக் கேட்டவர் எவரேனும் நம்மிடையே இருப்பின், அது கட்டுக்கதையன்று.

ஆயின் மாநிலம் நம்மிடம் வாங்கும் வரி எது? சம்பளக்காரரைப் பொறுத்தவரை அது தொழில்வரி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்க்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. அங்கே தொழில்வரியை மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குகின்றன. இங்கே அப்படியன்று; மாநில அரசின் வணிகவரித் துறையே 1976ஆம் ஆண்டின் சட்டப்படி மாதந்தோறும் வாங்குகிறது. மாதச் சம்பளம் அல்லது கூலி ரூ. 25,000-க்குக் குறைந்திருந்தால் இவ்வரி இல்லை. முன்பு ரூ. 15,000 ஆக இருந்த இவ்வரம்பு 2023 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட சம்பளத்துக்கு மாதம் ரூ. 200; 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பிப்ரவரி மாதம் மட்டும் ரூ. 300. ஆக ஆண்டுக்கு ரூ. 2,500. அதற்கு மேல் எந்த மாநிலமும் ஒருவரிடம் தொழில்வரி வாங்கலாகாது என்பது அரசியல் சட்டத்திலேயே எழுதியுள்ள எல்லை. அறுபது வயதைக் கடந்தோர்க்கும் இங்கே இவ்வரி இல்லை.

தொழிலாளி இதற்காகக் கணக்கு எதுவும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. பிடித்துக் கட்டுவதும், அதற்குரிய கணக்கைத் துறைக்குக் கொடுப்பதும் முதலாளியின் கடமை. நாம் செய்யவேண்டியது சம்பளச் சீட்டைப் படிப்பது ஒன்றே. வரம்பு உயர்ந்து ஆண்டுகள் சென்ற பின்னும் பதினெட்டாயிரம் சம்பளத்தில் ரூ. 200 பிடித்த ஒரு சீட்டை என் கண்ணால் பார்த்தேன். அந்த இளைஞர் "இருநூறுதானே, போகட்டும்" என்றார். ஆண்டுக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய். ஊருக்குப் போய்வரும் இரயில் செலவு! கேட்டால் திரும்ப வரும். (சட்டத்தின் அட்டவணையில் கண்ட சில தொழிலினர் தாமே பெயர் பதிந்து ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள் செலுத்தவேண்டும். மருத்துவர், வழக்கறிஞர் முதலியோர் அதை அறிவர், இக்கட்டுரை அவர்க்கன்று.)

நம் அம்மையாரின் கணவர் பதினாறாயிரம் வாங்குபவர். ஆகவே தொழில்வரியும் இல்லை. மாநிலத்துக்குக் கணக்கும் இல்லை. பின்னர் இடர் எங்கிருந்து வந்தது?

சரக்கு சேவை வரியிலிருந்து வந்தது. ஜி.எஸ்.டி. என்று நாடே அழைக்கும் அவ்வரியை இங்கே மாநில வணிகவரித் துறையும் மத்திய அரசும் சேர்ந்து நிர்வகிக்கின்றன. 2025 ஜூலையில் கர்நாடகத்துச் சிறு வணிகர்களிடையே எழுந்த பரபரப்பு வாசகர்களுக்கு நினைவிருக்கும். கடைகளில் ஒட்டியுள்ள யு.பி.ஐ. அட்டை மூலம் 2021-22 முதல் வந்த தொகைகளைக் கூட்டிப்பார்த்து, வரம்பைத் தாண்டியவர் என்று தோன்றியவர்களுக்கெல்லாம் வணிகவரித் துறை அறிவிப்பு அனுப்பியது. ஆயிரக்கணக்கானோர் அதைப் பெற்றனர். ஹாவேரியில் காய்கறி விற்பவர் ஒருவர்க்கு ரூ. 29 லட்சம் கேட்டு அறிவிப்புப் போயிற்று. காய்கறிக்கோ வரியே கிடையாது! பெங்களூரில் பல கடைக்காரர்கள் யு.பி.ஐ. அட்டையைக் கிழித்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தனர். அந்த மாத இறுதிக்குள் முதலமைச்சர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி, வரிவிலக்குள்ள பொருள் விற்போர்மீது நடவடிக்கை இல்லையென்றும், பழைய பாக்கிக்காக வற்புறுத்தல் இராதென்றும், வரம்புக்கு மேற்பட்டோர் இனிமேல் பதிந்துகொள்ள வேண்டுமென்றும் கூறினார்.

அப்பரபரப்பின் விளைவாக மைசூரிலும் ஓர் அச்சம் பரவிற்று. அச்சம் பரவிய இடத்தில் தரகர் முளைப்பது இயற்கை. "நம்பர் வாங்கிவிடுங்கள், பிறகு கவலையில்லை" என்று சொல்லி வீடுவீடாகப் பதிவு செய்துகொடுத்தவர்கள் உண்டு. நம் அம்மையாரின் தரகரோ வேறு காரணம் சொன்னார். அப்பளம் இடுவதற்கு ஓர் இயந்திரம் வாங்கக் கடன் வேண்டும் என்று அம்மையார் கேட்கப்போக, "ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால்தான் வங்கியில் கடன் கிடைக்கும்" என்று கூறி, ஆதார், பான் எண், புகைப்படம், ரூ. 3,000 ஆகிய நான்கையும் வாங்கிக்கொண்டார். நம்பர் வந்தது. கடன் வரவில்லை. மூன்று மாதம் விற்பனை ஏதும் இல்லையென்று வெறுங்கணக்குத் தாக்கல் செய்துவிட்டு, நான்காம் மாதம் தொலைபேசியை எடுப்பதையே தரகர் நிறுத்திவிட்டார்.

இதில் ஒவ்வொரு படியிலும் பிழை இருக்கிறது. சரக்கு மட்டும் விற்பவர் கர்நாடகத்தில் ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிய வேண்டும். சேவை செய்பவர்க்கு வரம்பு ரூ. 20 லட்சம். இவ்வரம்பு விற்பனைத் தொகையைக் குறிப்பதேயன்றி இலாபத்தையன்று என்பதையும் மறக்கலாகாது. நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு விற்பவர் பெருஞ்செல்வராக இல்லாமலே நாற்பது லட்சத்தை எட்டிவிடுவார். மேலும், முற்றிலும் வரிவிலக்குள்ள பொருளையே விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிய வேண்டியதில்லை. காய்கறி, பால், உதிரிப்பூ ஆகியவை அத்தகையன. அப்பளமும் அத்தகையதே! வரியே இல்லாத பொருளுக்கு வரி நம்பர் வாங்கிக் கொடுத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்தார்க்கு விற்பவர்க்குப் பொதுவாக இவ்வரம்புச் சலுகை இல்லை. ஊதுவத்தி உருட்டி இங்கேயே விற்பவர் ஒருவகை. அதைச் சேலத்துக் கடைக்கு அனுப்பி விற்பவர் வேறுவகை. ஊர்த் தொடர்பு நமக்கு எல்லாவற்றிலும் உண்டாதலால் இதை ஈண்டுக் குறித்தேன்.

கடனுக்கு நம்பர் வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. குறுந்தொழில் செய்வோர் பெறும் 'உத்யம்' பதிவுக்குக் கட்டணம் இல்லை. சட்டப்படி ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டாதவர் அந்த எண் இல்லாமலே உத்யம் பதிவு பெறலாம்.

நம்பர் வாங்கியபின் நடப்பதுதான் கொடுமை. பதியாதவர் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பதிந்துவிட்டவரோ ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் 'இல்லை' என்றாவது கணக்குக் கொடுத்தே தீரவேண்டும். தவறினால் வெறுங்கணக்குக்கும் நாளொன்றுக்கு ரூ. 20 தாமதக் கட்டணம். ஒரு கணக்குக்கு ரூ. 500 வரை ஏறும். வரி ஒன்றுமில்லை, ஆனால் கட்டணம் வளர்ந்துகொண்டே போகிறது. கதவைத் திறந்தவன் ஒருவன், காற்றுக்கும் மழைக்கும் விடை சொல்பவர் வேறொருவர்.

இனிக் கிருகலட்சுமிக்கு வருவோம். குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ. 2,000 தரும் அத்திட்டம் 2023 ஆகஸ்ட் 30 அன்று நம் மைசூரிலேயே, மகாராஜா கல்லூரி மைதானத்தில் தொடங்கி வைக்கப்பெற்றது. அன்று அந்தக் கூட்டத்தில் நம் பெண்டிரும் பலர் நின்றனர். பி.பி.எல். அட்டை உள்ளவர்க்கு மட்டுமன்றி ஏ.பி.எல். அட்டையில் தலைவியாகக் குறிக்கப்பட்டவர்க்கும் உரியது அது. விலக்கப்பட்டவர் யார் என்பதை விதியின் சொற்களிலே பார்க்க வேண்டும். தலைவியோ அவர் கணவரோ வருமானவரி செலுத்துபவராக இருக்கலாகாது, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவராகவும் இருக்கலாகாது. இரண்டு சொற்களின் வேறுபாட்டை உற்று நோக்குக. வருமானவரியில் 'செலுத்துபவர்' என்றது, ஜி.எஸ்.டி.யில் 'தாக்கல் செய்பவர்' என்றது. முன்னதில் வரி கட்டினால்தான் விலக்கு; பின்னதில் ஒரு காசு கட்டாமல் வெறுங்கணக்குக் கொடுத்தாலே விலக்கு. அம்மையார் எந்த வாயிலில் இடறினார் என்பது இப்போது விளங்கும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வகுத்த விதி இவ்விடத்தில் சற்று அகலமானது. ஆண்டுக்கு ரூ. 50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. செலுத்துவோரையே அது விலக்கியது. ஊரிலுள்ள தங்கைக்கு நம்பர் இருந்தும் பணம் வருகிறதே, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்போர்க்கு விடை இதுவே. மாநிலம் வேறு, விதி வேறு. கர்நாடகத்து விதியின் இச்சொல் மாற்றப்பட வேண்டும் என்பது என் கருத்து. விற்பனையின் அளவைப் பாராமல், தாக்கல் செய்தார் என்ற ஒன்றையே குற்றமாகக் கொள்வது, சட்டத்துக்குப் பணிந்து ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கும் எளியவரைத் தண்டிப்பதாகும்.

இந்தக் கதையைக் கேள்வியுற்றவர் சிலர், "அப்படியானால் எந்தக் கணக்கும் கொடுக்காமல் இருப்பதே மேல்" என்று முடிவு கட்டிவிட்டனர். அது தவறு. வருமானவரிக் கணக்கு வேறு கதை.

2025-26ஆம் நிதியாண்டின் வருமானத்தை எடுத்துக்கொள்வோம். புதிய முறைப்படி மொத்த வருமானம் ரூ. 4 லட்சத்துக்கு உட்பட்டவர் பொதுவாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. பழைய முறையைத் தேர்ந்தால் வரம்பு ரூ. 2.5 லட்சம், அறுபது கடந்தோர்க்கு 3 லட்சம், எண்பது கடந்தோர்க்கு 5 லட்சம். "பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று நிதியமைச்சரே சொன்னாரே!" என்பர். சொன்னது உண்மை, அது தள்ளுபடி. வரி வேண்டாம் என்று தள்ளினார்களேயன்றிக் கணக்கு வேண்டாம் என்று தள்ளவில்லை. மாதம் ரூ. 40,000 வாங்கும் மகன் வரி கட்ட வேண்டியதில்லை, கணக்குக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கும் கணக்கால் தாயின் கிருகலட்சுமி நிற்காது. விதி கணவன் மனைவி இருவரை மட்டுமே சொல்கிறது. கணவரே அவ்வாறு கணக்குக் கொடுத்து, வரி சுழி என்று ஆனால், அவர் 'செலுத்துபவர்' ஆகமாட்டார். அந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, எவரேனும் ஐயுற்றால் காட்டவேண்டும். ரேஷன் அட்டைக்கும் இதுவே காவல். 2024 நவம்பரில் பி.பி.எல். அட்டைகள் பல நீக்கப்பட்டுக் கூச்சல் எழுந்தபோது, அரசு ஊழியர், வருமானவரி செலுத்துவோர் நீங்கலாக மற்றையோர் அட்டையைத் தொடமாட்டோம் என்றே முதலமைச்சர் கூறினார்.

வரம்புக்குக் கீழிருந்தும் கணக்குக் கொடுக்க வேண்டிய சில நிலைகள் உள. ஆண்டு மின்கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுவது ஒன்று. நமக்கு அது பொருந்தாது. வெளிநாட்டுப் பயணத்துக்குத் தம் பணத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் செலவிடுவது மற்றொன்று, இது பொருந்தலாம். பேரனைப் பார்க்க அமெரிக்கா செல்லும் தாத்தா பாட்டிகள் பயணச்சீட்டை மகன் வாங்கினானா, தாம் வாங்கினோமா என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

அமெரிக்கா என்றதும் ஒரு செய்தி. அங்கே நாட்டு அரசுக்கும் மாநிலத்துக்கும் தனித்தனி வருமானவரிக் கணக்கு உண்டு. டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் மாநில வரி கிடையாது. கலிபோர்னியாவில் 2015 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. உழைத்தும் குறைந்த வருவாயுள்ளவர் மாநிலக் கணக்குக் கொடுத்தால், கட்ட வரி இல்லாவிட்டாலும் அரசே அவர்க்குப் பணம் தருகிறது. கொடுக்காதவர்க்கு அத்தொகை கிடையாது. ஏழை கணக்குக் கொடுத்தால் ஒரு நாட்டில் பணம் வருகிறது. மற்றொரு நாட்டில் வந்த பணம் நிற்கிறது.

நம் நாட்டிலும் கணக்குக் கொடுத்துப் பணம் பெற்ற ஒரு நிகழ்ச்சி என் வீட்டிலேயே உண்டு. என் அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். மாமா விட்டுச்சென்ற வைப்புத் தொகைக்கு 2023-24இல் ரூ. 62,000 வட்டி வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டிய '15-எச்' என்னும் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்க நான் மறந்தேன். தவறு என்னுடையது, அத்தை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். வங்கி பத்து விழுக்காடு, அதாவது ரூ. 6,200, பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டது. குடும்ப ஓய்வூதியம் சேர்த்தும் அத்தையின் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. சட்டப்படி அவர் கணக்குக் கொடுக்க வேண்டியவர் அல்லர். ஆனால் கொடுக்காவிட்டால் அந்த ரூ. 6,200 போனது போனதுதான். 2024 ஜூலையில் தாக்கல் செய்தோம். ஆதார் எண்ணுக்கு வந்த குறியீட்டைக் கொண்டு அன்றே உறுதி செய்தோம். சில வாரங்களில் தொகை வங்கிக்கு வந்துவிட்டது. உறுதி செய்வதற்கு முப்பது நாள் கெடு உண்டு. அதை மறந்தால் தாக்கல் செய்ததே செல்லாது.

2026 ஏப்ரல் முதல் நாள் முதற்கொண்டு 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம். அதில் படிவ எண்கள் வேறாதலால், வங்கியில் எண்ணைச் சொல்லிக் கேளாமல், 'வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்னும் உறுதிமொழிப் படிவம்' என்று கேட்டு வாங்குக. பான் எண் கொடாதவர்க்கு வட்டியில் இருபது விழுக்காடு பிடிப்பர் என்பதையும் முதியோர்க்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இனி அம்மையாரின் காரியம். பழைய கணக்குகளையெல்லாம் 'இல்லை' என்று தாக்கல் செய்து, தாமதக் கட்டணத்தைக் கட்டி, பதிவை நீக்குமாறு விண்ணப்பித்திருக்கிறோம். நீக்க ஆணை வந்தபின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு ஒன்றும் கொடுக்க வேண்டும். அவ்வாணையின் நகலை வைத்துக் கிருகலட்சுமிக்கு மறுபடியும் விண்ணப்பிப்போம். நின்றுபோன மாதங்களுக்குரிய தொகை வரும் என்று அவரிடம் நான் உறுதி சொல்லவில்லை. தாமதக் கட்டணத்துக்காக அவர் ஒரு சோடி காதணியை அடகு வைத்தார் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது.

எவரேனும் இத்தகைய நம்பர் வாங்கிக் கொடுத்து, அதை என்ன செய்வதென்று அறியாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மில் இன்னும் இருக்கக்கூடும். தம் பான் எண்ணின்மேல் பதிவு ஏதேனும் உளதா என்பதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பார்க்கத் தெரியாதவர்கள் மூன்றாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் பான் அட்டையுடன் நூலகத்துக்கு வருக. கைப்பேசியும் உடன் இருக்கட்டும். குறியீடு அதற்குத்தான் வரும்.